பழைய எண், புதிய எண்

போலீஸ் இன்னும் வரவில்லை. கிளம்பிவிட்டோம் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள், கிளம்பிவிட்டோம் என்றால் இன்னும் டீ குடிக்கவில்லை என்று அர்த்தம், மெதுவாக வரட்டும், வராமலே போனாலும் சரி, ஜீப் தீப்பிடித்தாலும் சரி, எனக்கு நெஞ்சுவலி வந்தாலும் சரி, யாராவது என்னை இந்தத் தெருவிலிருந்து தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ரெக்ஸின் சீட் சூடேறித் தொடையில் ஒட்டுகிறது. முன் கண்ணாடி வழியாக இரண்டு கட்டடமும் தெரிகின்றன. இடது பக்கம் காம்ப்ளக்ஸ், நாலு மாடி, நீலக் கண்ணாடி பதித்தது, அனுமதி வாங்கியதோ தரைத்தளத்துக்கும் ஒரு மாடிக்கும். வலது பக்கம் துளசிமணியின் வீடு, முன்னறையில் இரண்டு தையல் மெஷின், மேலே ஒரு தகரக் கூரை, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் ஆள் நடக்க இடம் விடவேண்டும் என்பது சட்டம், விரல்கூட நுழையாது என்பது நடப்பு. இதில் ஒன்றை இன்றைக்கு நான் பூட்டி சீல் வைக்கவேண்டும். குற்றம் செய்தது இடது பக்கம். என் மடியில் கிடக்கிற உத்தரவு வலது பக்கத்தைச் சொல்கிறது. சொல்கிறது என்றும் சொல்லமுடியாது, கதவு எண் 17 என்கிறது, பழைய எண்ணா புதிய எண்ணா என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டது, வாயை மூடிக்கொண்டதில்தான் எல்லாச் சாமர்த்தியமும் இருக்கிறது, பின் சீட்டில் குப்புராஜ் அரக்குக் கட்டியையும் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு கொட்டாவி விடுகிறான், இவன் கொடுத்துவைத்தவன், காட்டுகிற கதவில் அரக்கை ஊற்றினால் இவன் வேலை முடிந்தது, எந்தக் கதவு என்று காட்டுகிறவன் நான்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பின்னால் போனால் கடைசியில் சாமியிடம் போய் நிற்கிறது. தெருமுனையில் மாகாளியம்மன் கோயில். பழைய கணக்கில் அதற்குத்தான் ஒன்றாம் நம்பர். பிறகு ஒரு வருஷம் ஊர் முழுக்கப் புது நம்பர் போட்டார்கள், நீலத் தகடு அடித்துக்கொண்டே வந்த கான்ட்ராக்ட் ஆள், அம்மனுக்கு எதற்குக் கதவு எண், அவளா வந்து வீட்டுவரி கட்டப்போகிறாள் என்று கோயிலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டில் ஒன்று அடித்தான், அத்தோடு தெரு முழுக்க ஒரு நம்பர் நகர்ந்துவிட்டது. பழைய பதினேழு புதுப் பதினாறு. அதுதான் காம்ப்ளக்ஸ். பழைய பதினெட்டு புதுப் பதினேழு. அது துளசிமணி வீடு. தகடு மாறினால் வாய் மாறிவிடுமா, தெருவில் ஒருத்தரும் புது நம்பரைச் சொல்வதில்லை, ரேஷன் கார்டில் பழசு, கரண்ட் பில்லில் பழசு, கல்யாணப் பத்திரிகையில் பழசு, துளசிமணி எப்போதும் தன்னைப் பதினெட்டாம் நம்பர் வீடு என்றுதான் சொல்லுவாள், தலைக்கு மேல் தகடு 17 என்று கத்திக்கொண்டிருந்தாலும் அது யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அவள் கண்ணில் படுவதே இல்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நின்று அவள் கொடுத்த மனுவிலும் பழைய பழக்கத்திலேயே எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்துக் கதவு எண் 17இல் அனுமதி இல்லாமல் பாதாளம் தோண்டி மாடி கட்டுவதால் எங்கள் சுவர் பிளந்துவிட்டது, ஐயா அவர்கள் தயவுசெய்து. பாதாளம் என்றது பேஸ்மென்ட்டை. நல்ல சொல், விதிமுறைப் புத்தகத்தில் இருக்கிற சொல்லைவிட நல்ல சொல். அந்த மனு கலெக்டர் ஆபீசிலிருந்து எங்கள் நகராட்சி ஆபீசுக்கு வந்தது, செக்‌ஷனில் அதைச் சுருக்கித் தட்டச்சு செய்தார்கள், செய்தபோது பாதாளம் போயிற்று, ஐயா போயிற்று, தயவு போயிற்று, போகிற போக்கில் பக்கத்து என்ற சொல்லும் போயிற்று. கதவு எண் 17, அனுமதியற்ற கட்டுமானம், நடவடிக்கை எடுக்க. பக்கத்து என்ற ஒரு சொல் போனதில் புகார் கொடுத்தவள் வீடே புகாருக்குள்ளாகிவிட்டது, இதைச் செய்த கை வேண்டுமென்று செய்யவில்லை, அதுவரை நிச்சயம், வேண்டுமென்று செய்ய அந்த செக்‌ஷனில் யாருக்கும் அவ்வளவு மூளை கிடையாது.

மூளை இருக்கிறவர்கள் பிறகுதான் வந்தார்கள். உரிமையாளர் அல்லது அனுபவதாரர், கதவு எண் 17 என்று போட்ட நோட்டீஸை நான் சரியாகத்தான் காம்ப்ளக்ஸ் ஷட்டரில் கொண்டுபோய் ஒட்டினேன், எனக்குத் தெரியாதா எது எந்த வீடு என்று. அவர்கள் பக்கத்திலிருந்து வக்கீல் பதில் வந்தது, கெட்டித் தாளில், அழகான தமிழில். எங்கள் கட்சிக்காரரின் கட்டடம் கதவு எண் 16 ஆகும், கதவு எண் 17 என்பது வேறொருவர் அனுபவத்தில் உள்ளது, ஆகவே தங்கள் அறிவிப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டேதான் பிரபாவதி மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், மேடம் என்றால் எங்கள் நகரமைப்பு அலுவலர், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்து என்னைத் தாண்டிப் போனவர், அதனால் இன்னும் என்னை ஞானம் சார் என்கிறார், முழுப் பெயர் ஞானதிரவியம், எங்கள் பக்கத்துப் பெயர், இந்த ஊரில் யாருக்கும் முழுசாகச் சொல்லப் பொறுமையில்லை. மேடம் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார், பென்சிலால் ஒரு வரிக்குக் கீழே மெல்லக் கோடு போட்டார். காம்ப்ளக்ஸ்காரர் யாருடைய மச்சான் என்பது ஊருக்கே தெரியும். கலெக்டர் ஆபீசோ எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. மச்சானைத் தொடக்கூடாது, நடவடிக்கையும் எடுத்தாகவேண்டும், இரண்டு பக்கமும் இடிபட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த வக்கீல் ஒரு சந்தைக் காட்டிவிட்டார், சந்து என்றா சொன்னேன், அந்த இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் இல்லாத சந்து அந்தக் காகிதத்தில் இருந்தது.

இதையெல்லாம் நினைக்கிறபோதே துளசிமணி கதவைத் திறந்துகொண்டு வருகிறாள். கையில் எவர்சில்வர் சொம்பும் இரண்டு டம்ளரும். புடவையெல்லாம் பனியன் பஞ்சு, தலைமுடியிலும் பஞ்சு, முகம் முழுக்கச் சிரிப்பு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு வந்துவிட்டது என்றால் பெண்ணின் அம்மா சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. "ஏனுங்க சார், ஜீப்புக்குள்ளயே உக்காந்து வேகறீங்களே, நெழலுக்கு வாங்க, சேர் போடறேன்." வேண்டாம்மா என்கிறேன். "மோராச்சும் குடீங்க, பெருங்காயம் போட்டிருக்கேனுங்க, வெயிலுக்கு நல்லாருக்கும். தம்பி, நீயும் குடி." குப்புராஜ் வாங்கி ஒரே மூச்சில் குடிக்கிறான். நான் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "நம்பவே முடியலீங்க சார். மனு குடுத்தா வருவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு நம்பவே இல்லீங்க. உன்ற மனுவ வாங்கிட்டு அங்க பஜ்ஜி மடிச்சிருப்பாங்க, போடி வேலையப் பாத்துட்டுன்னாரு. இப்பப் பாருங்க, ஜீப்பே வந்துருச்சு. அவரு எந்திரிக்கட்டும்னு இருக்கேன், நைட்டு வாட்ச்மேன் வேலைங்க அவருக்கு, இப்பத்தான் படுத்தாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, காம்ப்ளக்ஸ் பக்கம் கண்ணைக் காட்டி, "பூட்டறதுக்குத்தானுங்களே வந்திருக்கீங்க?" நான் தலையை ஆட்டுகிறேன். பொய் இல்லை. பூட்டுவதற்குத்தான் வந்திருக்கிறேன். ஆட்டிய தலை ஆடியபடியே இருக்கிறது, நிறுத்தத் தெரியவில்லை, அவள் சொம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் ஒரு தடவை ஆடுகிறது. மோர் நன்றாக இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது. இந்த மோரை நான் குடித்திருக்கக் கூடாது.

மெஷின் சத்தம் கேட்கிறது, உள்ளே ஓவர்லாக் ஓடுகிறது, விடாமல் ஓடி ஒரு கணம் நின்று மறுபடி ஓடுகிறது. இந்தத் தொழில் மனிதனுடைய கண்ணைக் கெடுத்துவிடுகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மனிதர்கள் தெரிவதற்கு முன்னால் முன்பக்க இடைவெளி தெரிகிறது, பக்க இடைவெளி தெரிகிறது, தெருவுக்கு நீண்ட படி தெரிகிறது, மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டில் மாப்பிள்ளை என்ன படித்தான் என்று கேட்காமல் போர்டிகோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் சம்சாரம் ஜெபா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், வீட்டுக்கு வந்தும் செவத்தையே அளந்துட்டு நிக்கீங்களே, எங்களையும் கொஞ்சம் பாருங்க என்பாள். பார்க்கத்தான் பார்க்கிறேன், அளந்துகொண்டே பார்க்கிறேன். ஒரு டேப்பை நீட்டினால் தாங்கி நிற்கிற வீடு இந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. துளசிமணியின் வாசல்படி சாக்கடைமேல் நிற்கிறது, தகரக் கூரைக்கு அனுமதி கிடையாது, வீட்டில் மெஷின் ஓட்டத் தொழில் உரிமம் கிடையாது, வைக்கவேண்டும் என்றால் இவள் வீட்டுக்கும் சீல் வைக்கக் காரணம் இருக்கிறது, மேடம் அதையும் யோசித்திருப்பார், யோசிக்காமல் இருப்பாரா. என் வீட்டு மாடிப்படியே அடுத்தவன் மனைமேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மேடத்தின் வீட்டை நான் அளந்ததில்லை. கலெக்டர் பங்களாவை வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போனான், அவன் யாரிடம் அனுமதி கேட்டான். எல்லாரும் மீறியவர்கள் என்றால் யாரைப் பூட்டுவது என்பது எங்கள் இஷ்டம், இதற்குப் பெயர்தான் சட்டத்தை அமல்படுத்துவது, நாற்காலியில் உட்கார்ந்தவன் விரலை எங்கே நீட்டுகிறானோ அங்கே மட்டும் சட்டம் முளைக்கும், நான் அந்த விரல்கூட இல்லை, விரலின் நகம்.

காலையிலேயே மேடத்துக்குப் போன் செய்தேன். கோழை என்று யாரும் சொல்லக்கூடாது, செய்தேன். "மேடம், கதவு எண்ல ஒரு குழப்பம் இருக்கு." "கதவுல என்ன நம்பர் இருக்கு ஞானம் சார்?" "பதினேழு மேடம், ஆனா." "தகடு யாரு அடிச்சது?" "நம்மதான்." "அப்புறம் என்ன குழப்பம்?" குடியிருக்கிறார்கள் என்றேன். புகார் கொடுத்தவர்களே அவர்கள்தான் என்றேன். "தப்புன்னா அப்பீல் போகட்டும் சார், பார்த்து சீலை எடுத்துக் குடுத்துடலாம். சாயங்காலம் கலெக்டர் ஆபீசுக்குப் போட்டோ போகணும். நம்பர் தகடு தெளிவாத் தெரியற மாதிரி எடுங்க." பிறகு ரொம்பப் பிரியமாக, "இந்த மாசத்தோட ரிட்டயர் ஆகுறீங்கல்ல, நல்லபடியா போங்க சார், நாங்க எல்லாரும் அதத்தான் விரும்பறோம்" என்றார். நல்லபடியா. அந்தச் சொல் காலையிலிருந்து பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்துகிறது, நாக்கு அங்கேயே போகிறது. எனக்கு இன்னொரு பதினேழும் தெரியும். பதினேழு பி. அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் அந்த எண்ணை வாயால் சொல்லமாட்டார்கள், பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. எனக்கும் முன்பு ஒன்று வந்து முடிந்திருக்கிறது. இதே மாதிரி ஒரு பெரிய இடத்துக் கல்யாண மண்டபத்துக்கு முறைப்படி சீல் வைத்தேன், எல்லாம் சரி, உள்ளே அண்டா நிறையச் சாம்பார் இருந்திருக்கிறது, அது ஊசிப்போய்விட்டது. மண்டபத்தின் இரண்டு மாடி அனுமதி இல்லாதது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அழியக்கூடிய உணவுப்பொருளை அகற்ற வாய்ப்பளிக்காமல் கட்டடத்தை மூடியது ஏன் என்று எனக்கு விளக்கம் கேட்டு வந்தது, விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாம்பாரில் என்ன காய் போட்டிருந்தது என்று கேட்டார், சத்தியமாகக் கேட்டார். முருங்கைக்காய் என்றேன், தெரியாமலே சொன்னேன். வருஷக்கணக்கில் அந்தச் சாம்பார் என் பதவி உயர்வை முழுங்கிக்கொண்டு கொதித்தது, மேடம் என்னைத் தாண்டிப் போனது அந்த அண்டாவின் மேல் ஏறித்தான்.

அதுகூடப் பரவாயில்லை, சம்பளம் வந்தது. செல்லையாவுக்கு நடந்ததை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர், பக்கத்து நகராட்சியில் இதே வேலை, யாருக்கும் வளையாத ஆள், அவர் ஓய்வு பெறுகிற அன்றைக்கு நாங்கள் எல்லாரும் போயிருந்தோம், பிரியாணி போட்டார்கள், சால்வை, மாலை, அவர் சம்சாரம் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், பேரப்பிள்ளை மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஒருத்தன் உறையோடு வந்தான். வாழ்த்து என்று நினைத்து செல்லையா எல்லார் முன்னாலேயும் பிரித்தார். தற்காலிகப் பணிநீக்கம், நிலுவையில் ஒரு பதினேழு பி இருப்பதால் ஓய்வுபெற அனுமதி இல்லை. மாலையைக் கழற்றவேண்டுமா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. மாலையோடேயே காரில் ஏறினார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது, செல்லையா இல்லை. எனக்கும் இந்த மாதக் கடைசியில் ஹால் சொல்லியாகிவிட்டது, ஜெபா புடவை எடுத்துவிட்டாள், மேடம் வாழ்த்துரை. நல்லபடியா போங்க சார். இதைவிட மரியாதையாக ஒரு ஆளைக் கழுத்தில் கைவைத்துத் தள்ளமுடியாது. உத்தரவு கிடைத்தும் நிறைவேற்றவில்லை என்று ஒரு வரி போதும், அதை எழுதுகிற பேனாவுக்கு ஐந்து நிமிஷம் ஆகாது, சீல் வைத்தால் துளசிமணிக்கு ஒரு வீடு போகும், வைக்காவிட்டால் எனக்கு, எனக்கு என்ன போகும், பென்ஷன் போகும், பேர் போகும், செல்லையா மாதிரி நானும் போவேன். இப்படி எடைபோடுகிறேனே, ஒரு தட்டில் ஒரு வீட்டையும் இன்னொரு தட்டில் ஒரு மாலையையும் வைத்து, சீ.

இன்றைக்கு ஜீப் வந்து நின்றவுடனே அவள் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். அதை நான் பார்த்திருக்கக் கூடாது, மோர் அப்புறம், முதலில் அந்தச் சுவர். தரையிலிருந்து கூரை வரைக்கும் விரிசல், கை உள்ளே போகிறது, அதில் பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிச் சுருட்டி அடைத்திருக்கிறாள், சிவப்பு, மஞ்சள், பச்சை, தூரத்திலிருந்து பார்த்தால் அலங்காரம் செய்த மாதிரி. "காத்து வருதுங்க சார், பல்லி வருது, போன மழைக்குத் தண்ணியும் வந்துச்சு. அவங்க பாதாளத்துல மெஷின் வெச்சுத் தண்ணி எறைக்கறப்ப இந்தச் செவுரு நடுங்குமுங்க, கைய வெச்சாத் தெரியும்." கையை வைத்தேன். அப்போது நடுங்கவில்லை. அந்தச் சுவர் ஓரமாகவே பாயில் அவள் கணவர் நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார், காக்கிப் பேன்ட்டோடு, வாயைத் திறந்துகொண்டு, வேலைக்குப் போய் வந்த மனுஷனுடைய தூக்கம். அஸ்திவாரத்துக்குக் கீழே மண்ணை உருவிவிட்டார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்தால் இந்தச் சுவர் உள்பக்கமாக விழும், வெளிப்பக்கம் விழ அங்கே இடமே இல்லை, நாச்சிமுத்து மேல் விழும். இதை நினைத்தபோதுதான் அது வந்தது, அந்த நினைப்பு, எவ்வளவு இதமாக வந்தது. சீல் வைத்துவிட்டால் இவர்கள் உள்ளே இருக்கமாட்டார்களே. சுவர் விழுகிறபோது வீடு காலியாக இருக்குமே. அப்படியானால் நான் இவர்களைக் காப்பாற்றத்தானே வந்திருக்கிறேன், ஒரு வகையில், ஒரு வகையில் பார்த்தால். இந்த ஒரு வகையில் என்பதைக் கண்டுபிடித்தவனைச் செருப்பால் அடிக்கவேண்டும். இருந்தாலும் அது போகமாட்டேன் என்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. அப்பீல் போவாள், கிடைத்துவிடும், அதுவரைக்கும் எங்காவது உறவுக்காரர் வீட்டில் இருப்பார்கள், மெஷினை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம், இந்தத் தடவை சாம்பார் இல்லை, பார்த்துவிட்டேன், அடுப்பில் ரசம்தான் இருந்தது. ரசத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டும். கடவுளே, ரசத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

எழுதவேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. கதவு எண் பழையதா புதியதா என்பதில் தெளிவின்மை உள்ளதால், தெளிவுரை வேண்டி, உத்தரவு நிறைவேற்றப்படாமல் திருப்பி அனுப்பப்படுகிறது. ஒரே வாக்கியம். சட்டைப்பையில் பேனா இருக்கிறது, மடியில் உத்தரவு இருக்கிறது, ஓரத்தில் வெள்ளையாக இடம்கூட விட்டிருக்கிறார்கள், இந்த நாட்டில் யாரும் விடாத பக்க இடைவெளி அரசாங்கக் காகிதத்தில்தான் இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன். மூடியைத் திறக்கிறேன். கதவு என்று எழுதவேண்டும், க போட்டால் மற்றது தானாக வந்துவிடும், கை பழகியது, எத்தனை ஆயிரம் கதவு எழுதியிருக்கும். மேடம் படிப்பார். பென்சிலால் கோடு போடுவார். அந்தக் கோடு என் கழுத்து வரைக்கும் வரும். ஜெபா முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். புதுப் புடவையின் மடிப்புகூடக் கலையாமல் உட்கார்ந்திருப்பாள், ஒருத்தன் உறையோடு வருவான். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதிர்ச்சி ஆகாது. பாரேன், இப்போது ஜெபாவின் சர்க்கரையை இழுத்து வந்து முன்னால் நிறுத்துகிறேன், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கவேண்டுமே. துளசிமணிக்கு இல்லையா சர்க்கரை, யார் கேட்டது. க போட்டாயிற்றா என்று பார்க்கிறேன். போடவில்லை. ஒரு புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது, மை பரவி அது பெரிதாகிக்கொண்டே போகிறது, அப்போது பின்னால் ஹாரன் கேட்கிறது.

போலீஸ் வந்துவிட்டது. ஒரு எஸ்ஐ, நாலு பேர், ஒருத்தி பெண் போலீஸ். பேனா பைக்குள் போய்விட்டது, நான் வைத்த ஞாபகம் இல்லை. இறங்குகிறேன். "எது சார்?" என்கிறார் எஸ்ஐ, அவருக்கு இன்னொரு பந்தோபஸ்து இருக்கிறது, சீக்கிரம் முடிக்கவேண்டும். பதில் சொல்லாமல் நான் துளசிமணியின் வாசலுக்குப் போய், பழக்கத்தில், எல்லா வீட்டு வாசலிலும் சொல்கிற மாதிரி, "உள்ள யாரு இருந்தாலும் வெளிய வந்திருங்கம்மா" என்கிறேன். தொண்டை அதுவாகப் பேசுகிறது. மெஷின் நிற்கிறது. "பூட்டறப்ப நாங்களும் வெளிய நிக்கோணுங்களா? இதோங்க சார்." உள்ளே ஓடி அவள் கணவனை எழுப்புகிறாள், "ஏனுங்க, எந்திரீங்க, வந்து பாருங்க, மனு குடுத்தா ஆவாதுன்னீங்களே, வந்து கண்ணாரப் பாருங்க." நாச்சிமுத்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறார், போலீஸைப் பார்த்ததும் பழக்கத்தில் விறைத்து நிற்கிறார், என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். இரண்டு பேரும் தெருவில் இறங்கி, தங்கள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நீலக் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். காம்ப்ளக்ஸ் வாசலில் மச்சானுடைய மேனேஜர் போன் பேசிக்கொண்டு நிற்கிறான். பயமில்லாமல் நிற்கிறான், அவனுக்குத் தெரியும்.

குப்புராஜ் பையைத் துழாவுகிறான். துணி இருக்கிறது, அரக்கு இருக்கிறது, மெழுகுவத்தி இருக்கிறது, ஸ்டோரில் கொடுத்த பூட்டுக்குச் சாவி சேரவில்லை, திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பூட்டு இல்லை, பூட்டு இல்லாமல் எப்படிப் பூட்டுவது, பூட்டு சேராததால் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை, அதற்கு யார் மேலேயும் பதினேழு பி போடமுடியாது, போட்டால் ஸ்டோர்கீப்பர் மேல் போடட்டும். "பூட்டு சேரலீங்களா?" துளசிமணி திரும்பிப் பார்க்கிறாள். "இருங்க தம்பி." என்னைத் தாண்டிக்கொண்டு ஓடி, தன் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற பூட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள், பித்தளைப் பூட்டு, சாவியோடு, முந்தானையால் துடைத்துக்கொண்டே வருகிறாள். "நல்ல கனமான பூட்டுங்க சார், ஒடைக்கவே முடியாது. ஊருக்குப் போறப்பத்தான் போடுவோம். இதயே போட்டு இழுத்துப் பூட்டுங்க, சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்." என் கையில் வைக்கிறாள். கனமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அந்தத் தெருவில் நின்றது, குப்புராஜுக்குத் தெரிந்தது, எஸ்ஐ கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் பூட்டைக் குப்புராஜிடம் கொடுத்தேன். அவன் மெழுகுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். இரண்டு வாசலையும் பார்த்தான். மறுபடி என் முகத்தைப் பார்த்தான்.

"எந்தக் கதவுங்க சார்?"

"பதினேழு" என்றேன்.

"ஆமாங்க தம்பி, பதினேழேதான்" என்றாள் துளசிமணி.